கிழவிகள் கேட்பது கூலி பாக்கி

தலித் இயக்க ஊர்வலங்களில் முன்வரிசையில் யார் நடக்கிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். கொடி பிடித்த இளைஞர்களுக்கும் முன்னால், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு நம் சேரிக் கிழவிகள் நடக்கிறார்கள். போலீஸ் தள்ளுமுள்ளு என்றால் முதலில் விழுவதும் அவர்கள்தான். கூட்டத்துக்கு அவர்கள் வேண்டும். மேடையில் வாசிக்கிற தீர்மானங்களில் மட்டும் அவர்கள் இல்லை. பஞ்சமி நிலம் இருக்கும், இடஒதுக்கீடு இருக்கும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கும். எல்லாம் இருக்க வேண்டியவைதான். முதியோர் பணம் பற்றி ஒரு வரி இருக்காது. கேட்டால், “அதெல்லாம் தாலுகா ஆபீஸ் சமாச்சாரம் தோழர், அரசியல் இல்ல” என்கிறார்கள்.

அரசியல் இல்லையா? இந்த இதழில் அதைப் பேசிவிடுவோம்.

கடலூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். மக்கள் குறைதீர்க்கும் நாள். காட்டுமன்னார்கோயில், புவனகிரி, சிதம்பரம் பக்கமிருந்து ஐந்து பேர், பத்து பேராகச் சேர்ந்து வந்த கிழவிகள் நிழல் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். கையில் மஞ்சள் பை. பைக்குள் ரேஷன் கார்டு, ஆதார் நகல், பழைய மனுக்களின் ரசீது. 2021 மே மாதம் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. ஆனால் அது சாதாரண நகரப் பேருந்துக்கு. சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு வருகிற வெளியூர்ப் பேருந்தில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். மனு எழுதித் தருகிறவருக்குத் தனியாகக் காசு. அன்றைக்குப் போகிற கூலி வேறு. அப்படியும் வருகிறார்கள். போன தடவை மனு கொடுத்தவள் இந்தத் தடவை புதிதாக மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனித் தாசில்தார் என்று யாருக்கு அடுத்து யார் என்பதை எழுதப் படிக்கத் தெரியாத அவள் வரிசையாகச் சொல்கிறாள். பெயர்ப்பலகை கிடையாது, லெட்டர்பேடு கிடையாது, தலைவர் கிடையாது. ஆனாலும் இது ஒரு இயக்கம்.

இது திடீரென்று முளைக்கவில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கடலூர்க் கரையை அடித்தது. அதற்குப் பிறகு ஹெல்ப்பேஜ் இந்தியா நிறுவனம் இந்தக் கரையோரத்தில் முதியோர் சுயஉதவிக் குழுக்களைக் கட்டியது. கடலூர் அருகே தாமரைக்குளம் என்று ஒரு முதியோர் கிராமமும் எழுந்தது. தொண்டு நிறுவனங்கள் மேல் நமக்கு ஆயிரம் விமர்சனம் உண்டு. ஆனால் கிழவன் கிழவிகள் வட்டமாக உட்கார்ந்து, தங்கள் வயதைப் பற்றித் தாங்களே பேசிக் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கிற பழக்கம் அதில் வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இன்னொரு பள்ளிக்கூடம் நூறு நாள் வேலை. 2006 பிப்ரவரி 2ஆம் தேதி அந்தத் திட்டம் நாட்டில் தொடங்கிய முதல் 200 மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. அந்தச் சட்டம் மேல் வயது வரம்பு என்று எதையும் வைக்கவில்லை. பண்ணை வீட்டுக்காரன் ‘இதுக்கு மேல நீ லாயக்கு இல்ல’ என்று துரத்திவிட்ட கிழவிகள் ஏரிக்கரைக்கு வந்து மண் சுமந்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று முதன்முதலாகக் கேட்டார்கள். அட்டையில் வேலை நாள் ஏறியிருக்கிறதா, எத்தனை நாளுக்குப் பணம் வந்திருக்கிறது என்று விசாரிக்கப் பழகினார்கள். வேலை முடிந்து புங்கமர நிழலில் உட்கார்ந்தபோது ‘உனக்கு ஓ.ஏ.பி. வருதா, எனக்கு ஏன் நிறுத்திட்டாங்க?’ என்ற பேச்சு தொடங்கியது. அந்தப் பேச்சுதான் திங்கட்கிழமை பஸ் ஏறி வருகிறது.

கேட்கிற தொகை எவ்வளவு? காமராசர் ஆட்சியில், 1962 ஏப்ரல் 1 முதல், மாதம் 20 ரூபாய் என்று இந்த மாநிலத்தில் முதியோர் ஓய்வூதியம் தொடங்கியது. மத்திய அரசு 1995 ஆகஸ்ட் 15இல்தான் கண் திறந்தது. அதுவும் 75 ரூபாய்க்கு. 2006இல் அதை 200 ஆக்கினார்கள். 80 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான அந்த 200 ரூபாய் 2025 வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தது. மிச்சத்தை மாநிலம்தான் போட்டு வந்தது. 2011இல் தமிழக அரசு 1000 ரூபாய் ஆக்கியது. பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் அந்த ஆயிரம் அசையவில்லை. 2023இல் 1200 ஆனது. நாளைக்கு நாற்பது ரூபாய். 2025-26க்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். அதை வைத்துப் பார்த்தால் ஒரு மாத ஓய்வூதியம் நான்கு நாள் கூலிக்குக்கூட எட்டவில்லை.

இதே 2023இல், செப்டம்பர் 15ஆம் தேதி, மகளிர் உரிமைத் தொகை வந்தது. மாதம் 1000 ரூபாய். நல்ல திட்டம், பெயரிலேயே ‘உரிமை’ இருக்கிறது. ஆனால் முதியோர் ஓய்வூதியம் வாங்குகிற பெண்ணுக்கு அது கிடையாது என்று விதி போட்டார்கள். இரண்டில் ஒன்று. இரண்டு தொகைக்கும் வித்தியாசம் 200 ரூபாய். ஒரு பெண் தன் வாழ்நாள் முழுக்க உழைத்து முதுமை அடைந்ததற்கு அரசு போட்ட கூடுதல் விலை அவ்வளவுதான்.

நான் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா. ஓய்வூதியம் என்ற ஒரே சொல் இரண்டு விதமாக நடத்தப்படுவதை அன்றாடம் பார்க்கிற வேலை. மாதக் கடைசியில் ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள் வருவார்கள். நாற்காலி போடுவோம். அவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை அகவிலைப்படி ஏறும். கொரோனாக் காலத்தில் நிறுத்திவைத்தது தவிர அது நின்றதில்லை. எண்பது வயது ஆனால் இருபது சதவீதம் கூடுதல். அவர் இறந்தால் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம். மத்திய அரசு ஊழியர்களுக்குக் குறைந்தபட்ச ஓய்வூதியமே 9000 ரூபாய் என்று ஏழாவது ஊதியக் குழுவை ஒட்டி 2016இல் வைத்தார்கள். உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபிக்க அவர்கள் வங்கிக்குக்கூட வர வேண்டாம். 2021லிருந்து வீட்டில் உட்கார்ந்தபடி போனில் முகத்தைக் காட்டினால் போதும்.

ஓ.ஏ.பி. வாங்குகிற ஆயாக்கள் உள்ளே வருவதே குறைவு. ஊருக்கே பணம் கொண்டுவருகிற முகவரிடம் ரேகை மிஷினில் விரலை வைக்க வேண்டும். விரலில் ரேகை இருந்தால்தானே? வீராணம் தண்ணீர் பாய்கிற வயலில் ஐம்பது வருடம் நாற்றுப் பறித்து நட்ட விரல். சாணி அள்ளிய விரல், சுண்ணாம்பும் சிமெண்டும் குழைத்த விரல். முந்தானையில் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, மறுபடி மறுபடி அழுத்துகிறார்கள். மிஷின் சிவப்பு விளக்கைக் காட்டுகிறது. பிறகு எங்களிடம் வருகிறார்கள். “தம்பி, என் கை என்னா பாவம் பண்ணுச்சு?” என்று ஒரு ஆயா கேட்டார். கை பாவம் பண்ணவில்லை ஆயா. வேலை பண்ணியது. வேலை பண்ணியதற்கான அத்தாட்சியே அந்த அழிந்த ரேகைதான். அதையே காரணம் காட்டிப் பணத்தை நிறுத்துகிறது மிஷின்.

ஓய்வூதியம் வாங்குகிற ஆசிரியர் மேலோ தபால்காரர் மேலோ எனக்குப் பொறாமை இல்லை. சங்கம் வைத்துப் போராடி வாங்கினார்கள். 2010 ஏப்ரலுக்குப் பிறகு வங்கி வேலைக்கு வந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது, நானும் அதில் ஒருவன். அதைக் கேட்டு வாயிற்கூட்டம் நடந்தால் நானும் கோஷம் போடுகிறேன். அங்கே ‘உரிமை’ என்ற சொல்லை யாரும் யோசித்துச் சொல்வதில்லை. தானாக வாயில் வருகிறது. ஏன் வருகிறது? 1982 டிசம்பர் 17இல் நகரா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. ஓய்வூதியம் என்பது முதலாளி மனமிரங்கிப் போடுகிற பிச்சை கிடையாது, செய்து முடித்த வேலைக்கான ஊதியம், இளமையில் ஓயாமல் உழைத்தவர்களை முதுமையில் நட்டாற்றில் விடாமல் இருப்பதற்கான ஏற்பாடு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அந்த நாளைத்தான் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

சரி. அறுபது வருடம் நடவு நட்டது வேலை இல்லையா? நாடு தின்ற சோற்றுக்கு நாற்று நட்டவள் செய்தது சேவை இல்லையா? அவளுக்குப் பணிப்பதிவேடு யாரும் வைக்கவில்லை. வருங்கால வைப்பு நிதி பிடிக்கவில்லை. அறுத்துக் கட்டிய நெல்லில் அளந்து போட்டதை வாங்கிக்கொண்டு போனாள். யாருடைய உழைப்பைப் பதிவேட்டில் எழுதுவது, யாருடைய உழைப்பை எழுதாமல் விடுவது என்று இந்த நாட்டில் தீர்மானித்தது எது? சாதிதான். ஊர்த்தெருவில் நிலமும் பதிவேடும் இருந்தன. சேரியில் உழைப்பு மட்டும் இருந்தது. எழுதப்படாத அந்தக் கணக்கில் நிற்கிற பாக்கிதான் இந்த 1200 ரூபாய். அதிலும் ஒரு துளிதான் வருகிறது.

இந்தப் பாக்கியை வாங்க அவள் இரண்டு கதவுகளைத் தட்ட வேண்டும். முதல் கதவு வயது. “எம்ஜியாரச் சுட்டாங்களே, அந்த வருசம் எம் பெரிய புள்ள கைப்புள்ள” என்கிறார் ஒரு ஆயா. அது 1967 ஜனவரி. அவர் ஆதாரிலோ 1.1.1968 என்று பிறந்த தேதி. தான் பெற்ற மகனைவிட இளையவள் என்று அரசு சான்றிதழ் கொடுத்திருக்கிறது! முகாமில் ஆளைப் பார்த்து ஒரு குத்துமதிப்பு போட்டவருக்கு அது ஒரு நிமிட வேலை. அவருக்கு அது பல வருடப் பணம். பள்ளிக்கூடத்துக்குள் விடாமல் வளர்த்த பெண்ணிடம் பள்ளிச் சான்றிதழ் கேட்கிற அரசாங்கத்தை என்ன சொல்வது? புயலும் வெள்ளமும் வெண்மணி எரிந்த வருடமும்தான் அவர்களுடைய நாள்காட்டி. அதை எழுதிக்கொள்ள எந்த விண்ணப்பத்திலும் இடம் இல்லை.

இரண்டாவது கதவு ‘ஆதரவற்றவர்’ என்ற சொல். கவிதை எழுதுகிறவனுக்குச் சொல்லின் மேல் எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. இந்தச் சொல்லைப் பாருங்கள். பணம் வேண்டும் என்றால், எனக்கு யாரும் இல்லை என்று அவள் சொல்ல வேண்டும். மகன் திருப்பூரிலோ சென்னையிலோ கட்டட வேலையில் இருப்பான். அவனுக்கே இரண்டு குழந்தைகள். பொங்கலுக்கு வந்தால் ஒரு புடவை. அதிகாரி கேட்கிறார்: “புள்ள இருக்கானா?” இருக்கிறான் என்றால் பணம் இல்லை. இல்லை என்று சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்? “உசுரோட இருக்கிற புள்ளய இல்லன்னு சொல்லி அந்தப் பணத்த வாங்கணுமா?” என்று எழுந்து வந்துவிட்டவர்களை எனக்குத் தெரியும். ஓய்வுபெற்ற அதிகாரியிடம் யாராவது ‘உங்கள் மகன் சம்பாதிக்கிறானா’ என்று கேட்டு ஓய்வூதியத்தை நிறுத்துவார்களா? கேட்டால் நாடு சும்மா இருக்குமா?

பட்டியலில் ஏறிய பிறகும் நிம்மதி இல்லை. தகுதி ஆய்வு என்று வருகிறார்கள். ஓடு மாற்றிய வீடு, வாசலில் நிற்கிற பேரனின் வண்டி எல்லாம் வசதியாகிவிடுகிறது. உயிரோடு இருப்பவர் பெயர் இறந்தவர் பட்டியலில் போய்விடுகிறது. ஏன் நின்றது என்று எழுத்தில் யாரும் சொல்வதில்லை. ஒவ்வொரு மாதமும் 7ஆம் தேதிக்குள் ஓய்வூதியம் கொடுக்க வேண்டும் என்று 2001 நவம்பர் 28இல் உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த உத்தரவு தங்களுக்காகப் போடப்பட்டது என்பது நம் கிழவிகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? சொல்ல வேண்டிய வேலை யாருடையது?

‘ஆயிரத்துக்கும் இருநூறுக்கும் கையேந்துவதா விடுதலை அரசியல்?’ என்று நம் பக்கத்திலேயே கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அம்பேத்கரையே பதிலாகச் சொல்லலாம். 1947இல் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் சார்பில் அரசியல் நிர்ணய சபைக்காக எழுதிய ‘அரசுகளும் சிறுபான்மையினரும்’ அறிக்கையில் அவர் என்ன கேட்டார்? விவசாயத்தை அரசுத் தொழிலாக்கு என்றார். காப்பீட்டை அரசே நடத்த வேண்டும், வயது வந்த ஒவ்வொரு குடிமகனுக்கும் அவன் வருமானத்துக்கு ஏற்ற காப்பீடு கட்டாயம் என்றார். அதை நீதிமன்றம் போய்க் கேட்கிற உரிமையாக்கு என்றார். சபை அதை ஏற்கவில்லை. முதுமையில் உதவி பெறுவது அரசியல் சட்டத்தில் 41ஆவது பிரிவாக, ‘பொருளாதார சக்திக்கு உட்பட்டு’ என்ற வாலோடு, வழக்குப் போட முடியாத வழிகாட்டு நெறியாக நின்றுபோனது. அன்று அவர் கேட்டுக் கிடைக்காததைத்தான் இன்று மஞ்சள் பைக் கிழவி கேட்கிறாள். இதில் கையேந்தல் எங்கே இருக்கிறது?

வயதான பெண்கள் அரசியலுக்கு மிச்சம் மீதி என்று நினைப்பவர்கள் வெளியே கொஞ்சம் பார்க்கலாம். அமெரிக்காவில் மேகி குன் என்ற பெண்ணை 65 வயதில் வேலையை விட்டு அனுப்பினார்கள். அவர் வீட்டில் உட்காரவில்லை. 1970இல் ‘கிரே பேந்தர்ஸ்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். சுவிட்சர்லாந்தில் முதிய பெண்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் சங்கமாகச் சேர்ந்து, ஏறுகிற வெயில் முதலில் எங்களைத்தான் கொல்கிறது என்று தங்கள் அரசின் மேலேயே வழக்குப் போட்டார்கள். 2024 ஏப்ரல் 9இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். இங்கே கொள்ளிடத்துக்குத் தெற்கே கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், 1926இல் தலித் குடும்பத்தில் பிறந்தவர், அறுபது வயது தாண்டிய பிறகுதான் இறால் பண்ணைகளுக்கு எதிராகக் கரையோரத்தில் நின்றார். காந்தியவாதி என்று நம்மவர்கள் தள்ளி நின்று பார்த்த அந்த அம்மா, நிலமற்ற பெண்கள் பெயருக்கு நிலம் எழுதி வாங்கிக்கொடுத்தார். டெல்லியில் 2012இல் அருணா ராயும் பாபா ஆடவும் முன்னின்ற ஓய்வூதியப் பரிஷத் போராட்டத்தில் பல மாநிலக் கிழவன் கிழவிகள் ஜந்தர் மந்தரில் மே மாத வெயிலில் உட்கார்ந்தார்கள். குறைந்தபட்சக் கூலியில் பாதி, அல்லது மாதம் 2000 ரூபாய், எல்லோருக்கும் கொடு என்றார்கள். எந்தக் கிழவியும் தன்னை ஆதரவற்றவள் என்று நிரூபிக்க வேண்டியதில்லை என்பதுதான் அந்தக் கோரிக்கையின் உயிர்.

சிதம்பரம் மண்ணில் நமக்கு ஒரு வரலாறு உண்டு. கல்வி என்றால் சுவாமி சகஜானந்தர் 1916இல் தொடங்கிய நந்தனார் பள்ளி. தீண்டாமை என்றால் காட்டுமன்னார்கோயில் இளையபெருமாள் தலைமையில் அமைந்த குழு 1969இல் கொடுத்த அறிக்கை. முதுமை என்றால் என்ன இருக்கிறது நம்மிடம்? கிழவிகள் கொடுத்த மனுக்களின் ரசீதுகள் இருக்கின்றன. ஆண்டையிடம் உத்தரவு கேட்டுக் காத்து நின்றவன் நந்தன் என்பது கதை. இவர்கள் யாரிடமும் உத்தரவு கேட்காமல் பஸ் ஏறிவிட்டார்கள். இயக்கம்தான் இன்னும் நிறுத்தத்திலேயே நிற்கிறது.

செய்ய வேண்டியது கண்ணுக்குத் தெரிகிறது. ‘ஆதரவற்ற’ என்ற சொல் விண்ணப்பத்திலிருந்து போக வேண்டும். அறுபது வயது, உடல் உழைப்பு, ஓய்வூதியம் வேறு இல்லை என்பது போதும். வயதுக்குக் காகிதம் இல்லாதவர்களுக்குக் கிராமசபை சாட்சி சொல்ல வேண்டும். உடன் நடவு நட்டவளுக்குத் தெரியாத வயதா? தொகை குறைந்தபட்சக் கூலியில் பாதியாக இருக்க வேண்டும், விலைவாசியோடு ஏற வேண்டும். மத்திய அரசின் பங்கும் அதோடு ஏற வேண்டும். ரேகை விழாதவர்களுக்கு மாற்று வழி கொடுத்தாக வேண்டும். ஓய்வுபெற்ற அதிகாரிக்கு முகம் போதும் என்றால் நம் ஆயாவுக்கும் முகம் இருக்கிறது. நிறுத்துவதற்கு முன்னால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும்.

இந்த இதழைப் படிக்கிறவர்களில் பலர் ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள், கல்லூரி மாணவர்கள். மாதத்தில் ஒரு நாள் போதும். சொந்த ஊர்ச் சேரியில் உட்கார்ந்து யாருக்கு வருகிறது, யாருக்கு நின்றது, யாருடைய ஆதாரில் வயது தப்பு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டோடு மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராமசபைக்குப் போங்கள். கிழவிகளைப் பேசவிட்டு நீங்கள் எழுதுங்கள். அவர்களுக்குப் பேசத் தெரியும்.

அடுத்த மாநாட்டுத் தீர்மானங்களிலும் இதைச் சேருங்கள். ‘முதியோர் உதவி’ என்று போடாதீர்கள். கூலி பாக்கி என்று போடுங்கள்.